வெற்றியும் உயரமும்

சேலம் நகருக்கு வடக்கே ஓங்கி நிற்பது சேர்வராயன் மலை. இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏறினால் ஏர்க்காட்டை அடையலாம். அதற்கும் மேலே, 5,300 அடிக்கு மேற்பட்ட உயரத்தில், சேர்வராயன் கோயில் அமைந்துள்ளது. ஏரியையும் காப்பித் தோட்டங்களையும் காண வருவோர் அவ்வுச்சிக்கும் சென்று நாற்புறமும் நோக்கி மகிழ்வர். மலையின் மேற்குப் பக்கத்தே, தாழ்ந்த சமவெளியில், ஓமலூர் வட்டாரத்துச் சிற்றூர்கள் பரந்து கிடக்கின்றன. அவற்றுள் ஒன்று பெரியவடகம்பட்டி. அவ்வூரில் பிறந்த இளைஞர் ஒருவர், ஆறடிக்குச் சற்று மேற்பட்ட உயரத்தைத் தாண்டிப் பெரும்புகழ் பெற்றார். மலையின் அருகே ஆறடி எம்மாத்திரம் என்று தோன்றலாம். மலையை இளைப்பாறி இளைப்பாறி ஏறலாம். ஆறடிக் கோலையோ ஒரே எழுச்சியில் கடத்தல் வேண்டும்.

மாரியப்பன் தங்கவேலு என்னும் அவ்விளைஞர் 1995ஆம் ஆண்டு பிறந்தவர். ஐந்து வயதில் பள்ளிக்கு நடந்து செல்கையில் பேருந்து ஒன்று அவருடைய வலக்காலின்மீது ஏறிற்று. முழங்காலுக்குக் கீழே அக்கால் வளர்ச்சி குன்றிப்போயிற்று. தாயார் செங்கல் சுமந்தும் காய்கறி விற்றும் குடும்பத்தைக் காத்தார். பள்ளியில் மாரியப்பனுக்குக் கைப்பந்தாட்டத்திலேயே நாட்டம் இருந்தது. உயரம் தாண்டிப் பார்க்குமாறு தூண்டியவர் உடற்பயிற்சி ஆசிரியர். பதினான்காம் வயதில், உடற்குறை இல்லாத மாணவரோடு போட்டியிட்டு இரண்டாம் இடம் பெற்றார். 2013ஆம் ஆண்டு தேசியப் போட்டியில் அவரைக் கண்ட பயிற்சியாளர் சத்தியநாராயணா, 2015இல் அவரைப் பெங்களூருக்கு அழைத்துச் சென்று பயிற்றுவித்தார்.

உயரம் தாண்டும் போட்டி மற்றப் போட்டிகளைப் போன்றதன்று. மற்போரில் ஒருவன் மற்றவனைக் கீழே தள்ளுகிறான். ஓட்டத்தில் அருகே ஓடுபவனின் காலடி ஓசை காதில் விழுகிறது. இங்கோ வீரனுக்கு எதிரே நிற்பது ஒரு கோல் மட்டுமே. அஃது எவரையும் வெறுப்பதில்லை. எவருக்கும் இரங்குவதும் இல்லை. ஓர் உயரத்தைத் தாண்ட மூன்று வாய்ப்புகள் உண்டு. தொடர்ந்து மூன்று முறை தவறினால் வெளியேற வேண்டும். எல்லாரையும் வென்றவரும் கோலை மேலும் உயர்த்தச் செய்து முயலலாம். ஆதலின், அவருடைய கடைசித் தாவலும் பெரும்பாலும் தவறிய தாவலாகவே இருக்கும். இது சற்று வியப்பான விளையாட்டே.

பயிற்சியாளரின் பணி பெரும்பாலும் போட்டிக்கு முன்பே முடிந்துவிடுகிறது. ஓடிவரும் அடிகளை அளந்து, காலை ஊன்றும் இடத்தைக் குறித்து, பல நூறு முறை தாண்டச் செய்து பழக்குகிறார். போட்டியன்று அவர் களத்துள் இறங்க இயலாது. வெளியே நின்று குறிப்புக் காட்டலாம், அவ்வளவே. எனினும் நுட்பமான சூழ்ச்சி ஒன்று எஞ்சியிருக்கிறது. ஓர் உயரத்தைத் தாண்டாமல் விட்டு, அடுத்த உயரத்திற்குக் காத்திருக்க விதி இடந்தருகிறது. விட்டால் காலின் வலிமை மிஞ்சும். அடுத்ததில் தவறினாலோ விட்ட உயரம் கணக்கில் சேராது. கைம்முதலை முடக்கும் வணிகனைப்போல் இங்கே எண்ணித் துணிய வேண்டியிருக்கிறது.

2016ஆம் ஆண்டு செப்டம்பரில் பிரேசில் நாட்டு ரியோ நகரில் பாராலிம்பிக் போட்டிகள் நடைபெற்றன. மாரியப்பன் 1.89 மீட்டர் தாண்டிப் பொற்பதக்கம் பெற்றார். அமெரிக்க வீரர் சாம் கிரூவும் இந்தியரான வருண் சிங்கும் 1.86 மீட்டர் தாண்டினர். உயரம் ஒன்றாயினும், தவறிய தாவல்களை எண்ணி வெள்ளியை அமெரிக்கருக்கும் வெண்கலத்தை வருணுக்கும் அளித்தனர். வருணும் சத்தியநாராயணாவிடம் பயின்றவரே. மாணவர் இருவர் ஒரே களத்தில் போட்டியிடுங்கால் ஆசிரியர் எவர் பக்கம் நிற்பார்? மற்போராயின் அவர் நிலை இரங்கத்தக்கதே. கோலைத் தாண்டுவதில் ஒருவர் உயர்வு மற்றவர் காலை வாரிவிடுவதன்று. ஆதலின் இருவரும் மேலே மேலே செல்லவேண்டும் என்றே ஆசிரியர் விரும்பலாம்.

அடுத்த போட்டிகள் 2021ஆம் ஆண்டு டோக்கியோவில் நிகழ்ந்தன. தொடக்க விழாவில் நம் நாட்டுக் கொடியை ஏந்த மாரியப்பனே தெரிந்தெடுக்கப்பட்டிருந்தார். உடன் வானூர்தியில் வந்த ஒருவருக்குக் கொரோனா தொற்று இருந்தமையால் அவர் தனித்திருக்க நேர்ந்தது. கொடி வேறொருவர் கைக்குச் சென்றது. போட்டி நாளில் மழையும் பெய்தது. 1.86 மீட்டரை மாரியப்பனும் கிரூவும் கடந்தனர். 1.88 மீட்டரில் இருவரும் இரண்டு முறை தவறினர். மூன்றாம் முறை கிரூ கடந்தார், மாரியப்பன் கடக்கவில்லை. குறையுள்ள காலில் அணிந்த காலுறை நனைந்தமையால் தாண்டுவது கடினமாயிற்று என்று அவர் பின்னர்க் கூறினார். இதைச் சாக்கு என்று தள்ளுவது எளிது. ஈரக் காலுறையோடு ஓடிப் பார்த்தவர் அங்ஙனம் சொல்லார்.

அதே போட்டியில் 1.83 மீட்டர் தாண்டி வெண்கலம் பெற்றவர் பீகாரைச் சேர்ந்த சரத்குமார். ரியோவில் இவர் ஆறாம் இடத்தில் இருந்தவர். 2024ஆம் ஆண்டு பாரிசில் இவர் 1.88 மீட்டர் தாண்டி வெள்ளி பெற, 1.85 மீட்டர் தாண்டிய மாரியப்பன் வெண்கலம் பெற்றார். பொன் பெற்ற அமெரிக்கர் எஸ்ரா பிரெச்சு தாண்டியது 1.94 மீட்டர். தொடர்ந்து மூன்று பாராலிம்பிக் போட்டிகளில் பதக்கம் பெற்ற முதல் இந்தியர் மாரியப்பனே.

பொன், வெள்ளி, வெண்கலம் என்று வரிசையாகக் கேட்போர், அவர் படிப்படியாக இறங்கிவிட்டார் என்று எண்ணுவர். அளவுகளை நோக்கினால் அத்துணை எளிதில் தீர்ப்பளிக்க இயலாது. ரியோவில் தாண்டியதற்கும் பாரிசில் தாண்டியதற்கும் இடையே உள்ளது நான்கு சென்டிமீட்டர், இரண்டு விரற்கிடையளவே. தான் தாண்டும் உயரம் வீரனின் கையில் உள்ளது. பதக்கத்தின் நிறமோ உடன் தாண்டுவோரையும் பொறுத்தது. டோக்கியோவில் 1.88 மீட்டர் பொன் தந்தது; பாரிசில் அதே உயரம் வெள்ளியே தந்தது. பாரிசுக்குச் செல்லுமுன், 2024 மே மாதம், ஜப்பானின் கோபே நகரில் நடந்த உலகப் போட்டியில் பொற்பதக்கம் பெற்றவர் மாரியப்பன். அன்று அவர் தாண்டியதும் 1.88 மீட்டரே.