பின்னால் ரீங்காரம் கேட்டால் டிஃபரன்ஷியல்தானா?

தில்லியில் பழைய ஈக்கோவோ பொலேரோவோ ஓட்டுபவர் "பின்னால ஊம்னு ஒரு சத்தம்" என்று சொன்னதுமே, பல பட்டறைகளில் "டிஃபரன்ஷியல் போயிடுச்சு" என்று தீர்ப்பு வந்துவிடுகிறது. காஷ்மீரி கேட் உதிரிபாகச் சந்தையில் சாமான் வாங்கி, ஹவுசிங்கைப் பிரித்து மாட்டிய பிறகும் சத்தம் அப்படியே இருந்தால் பணம் யாருக்குத் திரும்ப வரும்? பிரிப்பதற்கு முன் சத்தம் எப்போது மாறுகிறது என்று கவனிப்பதற்குச் செலவே இல்லை.

முதலில், பின்சக்கரங்களுக்கு எஞ்சின் சக்தியைப் பிரித்துத் தரும் டிஃபரன்ஷியல் உங்கள் வண்டியில் இருக்கிறதா? டிசையர், வேகன் ஆர், எர்டிகா எல்லாம் முன்சக்கர இழுவை வண்டிகள். அவற்றில் அது கிடையாது. பின்பக்க ரீங்காரத்துக்கு அங்கே டயரையோ வீல் பேரிங்கையோதான் முதலில் சந்தேகிக்க வேண்டும். ஈக்கோ, பொலேரோ, இன்னோவா கிரிஸ்டா பின்சக்கர இழுவை. அவற்றிலும் டயரை முதலில் பாருங்கள். 2012இல் திறந்த யமுனா விரைவுச்சாலை 165 கிலோமீட்டருக்கும் சிமெண்ட் தளம். அங்கே கேட்ட சத்தம் தார்ச்சாலையில் இறங்கியதும் மாறினால், பெரும்பாலும் டயர்தான். பின் டயர்களை முன்னால் மாற்றிப் போட்டு, சத்தமும் கூடவே முன்னால் வந்தால் சந்தேகமே வேண்டாம்.

வளைவில் எந்தப் பக்கம் திரும்பும்போது சத்தம் கூடுகிறதோ அந்தப் பக்க பேரிங்தான் பழுது என்பது பரவலான நம்பிக்கை. பெரும்பாலும் நடப்பது நேர்மாறு. திரும்பும்போது வண்டியின் பாரம் வெளிப்பக்கச் சக்கரத்தில் விழுகிறது. புதுதில்லியின் ரவுண்டானாக்களில் நாம் வலப்பக்கமாக வளைந்துகொண்டே போகிறோம்; அங்கே ரீங்காரம் கூடினால் இடப்பக்க பேரிங்கைப் பாருங்கள்.

டிஃபரன்ஷியலின் அடையாளம் வேறு. ஒரே வேகத்தில் ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் கூவும், விட்டால் அடங்கும். அல்லது மிதித்தால் அடங்கி, விட்டால் கூவும். உள்ளே ஒன்றோடொன்று கடிக்கும் கிரவுன், பினியன் என்ற பல்சக்கரங்களில் தேய்ந்த பக்கத்துப் பற்கள்தான் பேசுகின்றன. கணக்கும் இதற்குத் துணை நிற்கிறது. 1.9 மீட்டர் சுற்றளவுள்ள சக்கரம் 60 கிலோமீட்டர் வேகத்தில் நொடிக்கு ஏறக்குறைய 9 முறை சுழலும். கிரவுனில் 41 பல் இருந்தால், நொடிக்குச் சுமார் 360 முறை பல்லோடு பல் கடிக்கிறது. அதுதான் காதில் ரீங்காரமாக விழுகிறது. நொடிக்கு 9 முறை வரும் சக்கர ஆட்டமோ ஸ்டியரிங்கிலும் இருக்கையிலும் அதிர்வாகத் தெரியுமே தவிர, ரீங்காரமாகக் கேட்காது.

கெட்டியான ஆயில் ஊற்றினால் குணமாகும் என்பதை நம்பாதீர்கள். சத்தம் கொஞ்ச நாள் அமுங்கும், தேய்மானம் நிற்காது. கம்பெனி கையேட்டில் சொன்ன கியர் ஆயிலைத்தான் ஊற்ற வேண்டும். இன்னொரு வண்டியின் கிரவுனை மட்டும் வாங்கிப் போடுவது அதைவிட மோசம். கிரவுனும் பினியனும் தொழிற்சாலையிலேயே ஜோடியாக உரசிப் பொருத்தப்பட்டவை; ஜோடி பிரிந்தால் புதுக் கூவல் நிச்சயம்.

2023 ஜூலை 13 அன்று யமுனை 208.66 மீட்டர் தொட்டு, காஷ்மீரி கேட் பக்கம் ரிங் ரோடே மூழ்கியது. அப்படிப்பட்ட வெள்ளத்தில் ஓட்டிய பிறகு "அச்சு வரைதானே தண்ணீர், எஞ்சினுக்கு ஒன்றும் ஆகவில்லை" என்று நிம்மதி அடைவது தவறு. சூடான டிஃபரன்ஷியல் ஹவுசிங் தண்ணீரில் மூழ்கிச் சட்டென்று குளிர்ந்தால், பிரீதர் என்ற காற்றுத் துளை வழியாகத் தண்ணீரை உள்ளே இழுக்கும். பேரிங் துருப்பிடித்துச் சத்தம் எழுப்ப மாதங்கள் ஆகலாம். மழைநீரில் அப்படி நின்ற வண்டி என்றால், அந்த வாரமே டிரெயின் போல்ட்டைக் கழற்றச் சொல்லுங்கள். ஆயில் பால் கலந்ததுபோல் வெளுத்திருந்தால் உடனே மாற்றுங்கள்.