வாய்வழி ஏற்றும் துவக்கிற்குத் துணி தெரிதலும் தயாரித்தலும்

காலபோக நெல் கதிர்விடும் நாட்களிலும், மரவள்ளியும் வற்றாளையும் கிழங்கு வைக்கும் காலத்திலும் காட்டுப்பன்றி செய்யும் அழிவைக் கமக்காரர் யாவரும் அறிவர். அனுமதிப்பத்திரம் பெற்ற இடியன் துவக்குடன் பரணிற் காவலிருப்போர் மருந்தின் அளவையும் குண்டின் அளவையும் கவனிக்கின்றனர். குண்டைச் சுற்றி இடும் துணியைக் கவனிப்போர் சிலரே. கைக்கு அகப்பட்ட கந்தையைக் கிழித்து இடுவோர் பலர். குழல் பிளப்பதற்கும், அறுவடை செய்து குவித்த சூட்டில் நெருப்புப் பற்றுவதற்கும் அக் கந்தையே காரணமாகலாம். ஆகவே, துணியைத் தெரிந்து தயாரிக்கும் முறை இங்கு கூறப்படுகின்றது.

துணியின் வேலை

றைபிளின் குழலினுள்ளே சுருளாகச் செல்லும் பள்ளக் கோடுகள் உண்டு. இவை தவாளிப்புகள் எனப்படும். குழலிலும் சற்றுச் சிறிய ஈயக்குண்டைத் துணியிற் பொதிந்து இறக்கும்போது துணி தவாளிப்புகளை நிரப்புகின்றது. வெடிக்கும்போது புகை முன்னே தப்பாமல் தடுத்து, குண்டைச் சுழலச் செய்வதும் அத்துணியே. 1800 ஆம் ஆண்டிற் பிரித்தானியப் படையிற் சேர்க்கப்பட்ட பேக்கர் றைபிளுக்கு 30 அங்குல நீளக் குழலும் ஏழு தவாளிப்புகளும் இருந்தன. கொழுப்பிட்ட துண்டுகளை வைப்பதற்கென்றே அதன் அடிக்கட்டையிற் பித்தளை மூடியுள்ள சிறு பெட்டி அமைக்கப்பட்டிருந்தது.

நம் கமக்காரரிடமுள்ள துவக்குகள் பெரும்பாலும் தவாளிப்பில்லாதவை. இவற்றிலே தனிக்குண்டு இடும்போது துணி வேறொரு முக்கிய வேலையையும் செய்கின்றது. பரணிலிருந்து துவக்கைக் கீழ்நோக்கிப் பிடித்தால், இறுக்கமற்ற குண்டு மருந்தை விட்டு முன்னே உருண்டுவிடும். மருந்துக்கும் குண்டுக்கும் இடையே வெளியிருக்க வெடிவைத்தால் குழல் வீங்கும் அல்லது பிளக்கும். குண்டை மருந்தின் மேல் அசையாது இருத்துவது துணியே.

துணியைத் தெரிதல்

1. துணி முழுவதும் பருத்தியாக அல்லது சணல்நாராக இருத்தல் வேண்டும். பொலியெசுத்தர், நைலோன் கலந்த துணி வெப்பத்தில் உருகிக் குழலில் ஒட்டும். பசளைப்பையின் துண்டும் அத்தகையதே. ஐயமிருப்பின் சில நூல்களை உருவிக் கொளுத்துக. பருத்தி நூல் கடதாசிபோல எரிந்து மென்சாம்பலாகும். கலப்பு நூல் உருகி மணிபோலத் திரளும்.

2. நெசவு நெருக்கமாக இருத்தல் வேண்டும். வெளிச்சத்திற் பிடித்துப் பார்க்கும்போது கண் கண்ணாகத் தெரியும் துணி உதவாது. மெத்தை உறைக்குரிய தடித்த பருத்தித்துணி மிக நன்று. பழைய சாரம் உதவுமாயினும் நைந்திருத்தல் ஆகாது. இருகையாலும் இறுகப் பிடித்துப் பெருவிரலால் அழுத்தும்போது கிழிவதை நீக்குக.

3. தடிப்பு ஏறக்குறைய 0.25 தொடக்கம் 0.5 மில்லிமீற்றர் வரை இருக்கலாம். பத்து மடிப்பாக்கி இறுக அழுத்தி அளந்து பத்தால் வகுத்தால் தடிப்புக் கிடைக்கும். அரை அங்குல றைபிள் குழலுக்கு 0.490 அங்குலக் குண்டும் 0.015 அங்குலத் துணியும் வழக்கமான பொருத்தமாகும். தவாளிப்பில்லாத குழலில் துணி புகுவதற்குப் பள்ளமில்லையாதலால், மெல்லிய துணி அல்லது மேலும் சிறிய குண்டு தேவைப்படும்.

தயாரிக்கும் முறை

புதுத்துணியிற் கஞ்சிப்பசை உண்டு. அதனைச் சவர்க்காரமிட்டு வெந்நீரில் இருமுறை கழுவி, நீலமோ கஞ்சியோ இடாது உலர்த்துக. பின்னர் குண்டின் விட்டத்தின் இருமடங்கிலும் சற்றுக் கூடிய விட்டமுள்ள வட்டங்களாக வெட்டுக. அரை அங்குலக் குண்டுக்கு ஒன்றேகால் அங்குலத்துக்கு மேற்படாத வட்டம் போதும். ஓரம் ஒருபுறம் கூடியும் ஒருபுறம் குறைந்தும் இருப்பின் குண்டு நேரே செல்லாது.

தேன்மெழுகையும் உப்புச் சேராத கொழுப்பையும் அல்லது தாவர எண்ணெயையும் மெல்லிய சூட்டில் உருக்கிக் கலந்து துணியிற் பூசுக. உப்புக் கொழுப்பு குழலில் துருவேற்றும். எண்ணெய் சொட்டும்படி விடுதலும் தவறு. அது மருந்தை நனைத்துவிடும். தயாரித்த துண்டுகளைத் தூசு படாத மூடிய தகரத்தில் வைத்தல் நன்று.

ஏற்றும்போது

ஒரு கையின் சீரான அழுத்தத்துடன் குண்டு இறங்குதல் வேண்டும். தானாக விழுமாயின் துணி மெல்லிது. கோலைச் சுத்தியலால் அடிக்கவேண்டி வருமாயின் துணி தடித்தது. குழல் வெறுமையாக இருக்கும்போது ஒன்றும், சரியாக ஏற்றியபோது ஒன்றுமாக இடிகோலில் இரு அடையாளங்கள் இடுக. இரண்டாவது அடையாளம் குழல்வாய்க்கு நேரே வராவிடின் குண்டு மருந்தின்மேல் அமரவில்லை என்பது பொருள். இடையிற் சிக்கிய குண்டை வெடிவைத்து அகற்ற முயலுதல் உயிருக்கு ஆபத்து. கேப்பை நீக்கி, மருந்தை நீரால் நனைத்த பின்னர் அனுபவமுள்ளவரைக் கொண்டு அகற்றுவிக்க.

வெளிவந்த துணியைப் பார்த்தல்

வெடித்தபின் துணித்துண்டு சில யார் தூரத்தில் விழுந்து கிடக்கும். அதனைத் தேடியெடுத்துப் பார்த்தல் நன்று. நடுவிற் கரிபடிந்து, ஓரம் மட்டும் பிரிந்து, முழுவட்டமாக இருப்பின் துணியும் குண்டும் பொருத்தமானவை. நடுவில் எரிந்து துளைபட்டிருப்பின் துணி மெல்லிது, அல்லது கொழுப்புப் போதாது, அல்லது மருந்து கூடியது. வெட்டுப்பட்டிருப்பின் குழல்வாயில் அல்லது உள்ளே கூரான விளிம்பு உண்டு. குறை கண்டவிடத்து அதனை நீக்காது மீண்டும் ஏற்றற்க.

நெருப்பைப் பற்றிய எச்சரிக்கை

விழுந்த துணி புகைந்துகொண்டிருக்கலாம். சூடு, வைக்கோற்போர், உலர்ந்த சேனை ஆகியவற்றின் அருகே இத்துணியைத் தேடி மிதித்து அணைத்த பின்னரே அவ்விடம் விட்டு நீங்குக. குழலினுள்ளும் தணல் தங்கக்கூடும். ஆதலால் மறுமுறை ஏற்றுமுன் ஈரத்துணியால் ஒருமுறை துடைத்தல் வேண்டும். மருந்துக் குடுவையிலிருந்து நேரே குழலுள் ஊற்றாது, சிறு அளவையில் எடுத்தே இடுக. வேலை முடிந்த அன்றே வெந்நீராற் கழுவி, உலர்த்தி, எண்ணெயிட்டு வைக்க. மாரிகால ஈரத்தில் கரிபடிந்த குழல் ஓரிரவிலே துருவேறும்.

கவனிக்க

1916 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சுடுகருவிகள் கட்டளைச் சட்டத்தின்படி துவக்கிற்கு அனுமதிப்பத்திரம் அவசியம். நீர்க்குழாயாற் செய்த கள்ளத் துவக்கை எத்துணியும் பாதுகாப்பாக்காது. கட்டுத்துவக்கு வைத்தல் குற்றம். அது பன்றியையும், புல்லறுக்க வரும் அயலவரையும், பள்ளி செல்லும் பிள்ளையையும் வேறுபடுத்தி அறியாது.

ஒரு துணித்துண்டைத் தெரிந்து வெட்டுவதற்குச் சிறிது நேரமே செல்லும். கமக்காரர் தம் கையையும் கண்ணையும் காத்து, விளைந்த நெல்லை வீடு கொண்டுசேர்க்க அச் சிறு நேரம் பெரிதும் உதவும்.