மழைநீரும் மாநகரும்

உலக வாழ்வுக்கு மழையே அடிப்படை. அம்மழைநீரை முறையாகப் போற்றினால் அது செல்வமாகும். போற்றாது விட்டால் அதுவே துன்பமாகும். இவ்வுண்மையைச் சென்னை மாநகரம் நான்கு ஆண்டுகளுக்குள் இருமுறை கண்டது. 2015-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் பெய்த பெருமழையால் அடையாறு கரைபுரண்டது; வீதிகள் ஆறுகளாயின; உயிர்கள் பல மாண்டன; உடைமைகள் அழிந்தன. 2019-ஆம் ஆண்டிலோ அந்நகருக்கு நீர் வழங்கும் ஏரிகள் வறண்டன. ஜோலார்பேட்டையிலிருந்து இரயில் வண்டியில் குடிநீர் கொண்டுவர நேர்ந்தது. வெள்ளத்தில் மூழ்கிய நகரம் தாகத்தால் வாடியது ஏன்?

மண்தரையில் வீழும் மழைநீரில் ஒரு பகுதி நிலத்துள் ஊறும். ஒரு பகுதியை மரஞ்செடிகள் பருகும். எஞ்சியது மெல்ல வழிந்தோடும். தாரும் சிமெண்டும் மூடிய தரையிலோ நீர் ஊறுவதில்லை. பெய்த நீரெல்லாம் ஒருங்கே பள்ளத்தை நோக்கி விரைகிறது. வடிகால்கள் அவ்வளவையும் கொள்ளமாட்டா. அவற்றில் குப்பையும் அடைத்துக்கொண்டால் நீர் வீடுகளுக்குள் புகுந்துவிடும். நிலத்தடியில் நீர் சேராமையால் கோடையில் கிணறுகளும் வற்றும். ஆகவே, வெள்ளமும் வறட்சியும் பெரும்பாலும் ஒரே குறையின் இரு விளைவுகள் எனலாம்.

பண்டைத் தமிழர் ஏரிகளைத் தொடராக அமைத்தனர். ஓர் ஏரி நிரம்பியதும் மிகுதி நீர் கலங்கல் வழியே அடுத்த ஏரிக்குச் செல்லும். நகரம் வளர வளர இவ்வமைப்புச் சிதைந்தது. 1920-களில் மாம்பலத்துப் பெரிய ஏரி தூர்க்கப்பட்டுத் தியாகராய நகர் எழுந்தது. மேற்கு மாம்பலத்திலுள்ள ‘லேக் வியூ’ சாலையின் பெயர் அவ்வேரியை இன்றும் நினைவூட்டுகிறது. தென்சென்னையின் வெள்ளநீரை ஏற்கும் பள்ளிக்கரணைச் சதுப்புநிலமும் தன் பரப்பில் பெரும்பகுதியை இழந்தது. எஞ்சிய பகுதி 2022-ஆம் ஆண்டில் பன்னாட்டுச் சிறப்புடைய ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது.

இக்குறையைத் தீர்க்கும் வழி யாது? பெய்த இடத்திலேயே இயன்றவரை நீரை நிலத்துள் இறக்குதல் முதற்பணி. மிகுந்ததைக் குளங்களிலும் ஏரிகளிலும் தேக்குதல் அடுத்த பணி. அதற்கும் மிஞ்சியதை வடிகால் வழியே வெளியேற்றுதல் இறுதிப் பணி.

100 சதுர மீட்டர் பரப்புள்ள மாடியில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் 1,000 லிட்டர் நீர் சேரும். சென்னையில் ஆண்டுக்குச் சராசரியாக ஏறத்தாழ 140 சென்டிமீட்டர் மழை பெய்கிறது. ஆகவே, அம்மாடியில் மட்டும் ஓராண்டில் ஏறத்தாழ 1,40,000 லிட்டர் நீர் விழுகிறது! அந்நீரைக் குழாய் வழியே கூழாங்கல்லும் மணலும் நிரப்பிய குழியில் விட்டால், அது வடிந்து நிலத்தடி நீராகும். 2003-ஆம் ஆண்டில் தமிழ்நாடு அரசு கட்டடங்கள் அனைத்திற்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியது. சட்டத்தால் குழி அமையும். எனினும், மழைக்காலத்திற்கு முன் அதனைத் தூய்மை செய்து வைத்தல் வீட்டாரின் கடமையன்றோ!

புதிதாக வளரும் ஊர்களில் மனை பிரிக்குமுன் நீரோடும் வழிகளை ஆராய்ந்து, அவற்றை விட்டுவைத்தல் வேண்டும். நீருக்குரிய இடத்தை மக்கள் கவர்ந்துகொண்டால், மக்கள் வாழும் இடத்தை ஒருநாள் நீர் கவர்ந்துகொள்ளும். ஆதலின், ஏரியையும் ஓடையையும் காப்பவர் தம் இல்லத்தையே காப்பவராவர்.