கார்டு நுழைந்தால் வைஃபை வந்துவிடுமா?

ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவரின் லேப்டாப் போன மாதம் என் மேசைக்கு வந்தது. 1996-ல் வாங்கியது. பென்டியம் ப்ராசஸர், 16 எம்பி ரேம், விண்டோஸ் 95. ஃப்ளாப்பி டிரைவ் எப்போதோ செத்துவிட்டது. யுஎஸ்பி என்ற பேச்சே இல்லை. ஆனால் அதில்தான் அவர் பத்து வருடம் பாமினி எழுத்துருவில் தட்டிய கட்டுரைகள் இருக்கின்றன. இன்றும் அந்தக் கீபோர்டில்தான் எழுதுகிறார். அவருடைய மகன் ரிச்சி தெருவில் தேடிப் பிடித்த பழைய வைஃபை கார்டு ஒன்றோடு வந்திருந்தார்.

"ஸ்லாட் இருக்கு சார், கார்டும் இருக்கு. கடைசியில கொஞ்சம் மட்டும் உள்ள போக மாட்டேங்குது. சாய்ச்சு அழுத்திக்கூடப் பார்த்துட்டேன்."

டார்ச் அடித்துப் பார்த்தேன். ஸ்லாட்டின் ஆழத்தில் ஊசி ஊசியாக 68 பின்கள், வரிசைக்கு 34. ஓரத்தில் இரண்டு பின்கள் சாய்ந்து ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தன. மேல்மூடியைக் கழற்றி, பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு, லெட் இல்லாத மெக்கானிக்கல் பென்சிலின் குழல் முனையைப் பின்மேல் மாட்டி, மயிரிழை மயிரிழையாக நிமிர்த்தினேன். ஒரு மாலை முழுக்க ஆனது. இரண்டில் ஒன்று ஒடிந்திருந்தால் அந்த ஸ்லாட்டின் கதை முடிந்திருக்கும்.

பழைய லேப்டாப்பை நெட்வொர்க்கில் சேர்க்க ஆசைப்படுகிறவர்கள் பலரிடம் இதே தவறான எண்ணங்களைத்தான் பார்க்கிறேன். அவற்றால் நல்ல மெஷின்கள் பாழாகின்றன என்பதால் இந்த முறை இதையே எழுதுகிறேன்.

நம்பிக்கை: ஸ்லாட் எல்லாம் ஒன்றுதான், எந்தக் கார்டும் நுழையும்

வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுபோலத்தான் தெரியும். பிசிஎம்சிஐஏ என்ற கூட்டமைப்பு 1989-ல் உருவானது; கிரெடிட் கார்டு அளவிலான இந்தக் கார்டுகளுக்கு அவர்கள்தான் இலக்கணம் வகுத்தார்கள். முதலில் வந்தவை 16-பிட் கார்டுகள். பழைய ஐஎஸ்ஏ பஸ்ஸின் நீட்சி என்று வைத்துக்கொள்ளலாம். பெரும்பாலும் 5 வோல்ட்டில் ஓடும். 1995-ல் கார்ட்பஸ் வந்தது. அதே அளவு, அதே 68 துளைகள். ஆனால் உள்ளே ஓடுவது பிசிஐ: 32 பிட், 33 மெகாஹெர்ட்ஸ், 3.3 வோல்ட் மட்டும்.

3.3 வோல்ட்டுக்கென்று செய்த கார்டில் 5 வோல்ட் பாய்ந்தால் கார்டு எரியும். அதைத் தடுக்கத்தான் கார்டின் முன்மூலையில் இருக்கும் வெட்டைக் கொஞ்சம் வேறு மாதிரி செய்தார்கள். பழைய ஸ்லாட்டில் கார்ட்பஸ் கார்டு முழுதாக உட்காராது. ஆசிரியரின் மகனைத் தடுத்தது அந்த வெட்டுதான். அது துருவோ தூசியோ அல்ல, வேண்டுமென்றே வைத்த காவல். கார்டு ஓரிடத்தில் நின்றுவிட்டால் அழுத்தாதீர்கள், வெளியே எடுத்துவிடுங்கள். தலைகீழாக மட்டும் கதை வேறு: கார்ட்பஸ் ஸ்லாட்டில் பழைய 16-பிட் கார்டு தாராளமாக ஓடும்.

அடையாளம் காண்பது எளிது. கார்ட்பஸ் கார்டில், துளைகள் இருக்கும் விளிம்பை ஒட்டி, பொன்னிறத்தில் ஒரு உலோகப் பட்டை இருக்கும். அதில் வரிசையாகச் சிறு புடைப்புகள். விரலால் தடவினாலே தெரியும். 16-பிட் கார்டில் அந்தப் பட்டை இராது. லேப்டாப் பக்கம் என்றால் விண்டோஸின் டிவைஸ் மேனேஜரைத் திறந்து பிசிஎம்சிஐஏ கன்ட்ரோலரின் பெயரைப் பாருங்கள். 'பிசிஐசி' வகை என்று காட்டினால் 16-பிட். பெயரிலேயே கார்ட்பஸ் என்று இருந்தால் இரண்டும் ஓடும். ஒரு சிக்கல்: விண்டோஸ் 95-ன் முதல் பதிப்புக்குக் கார்ட்பஸ் தெரியாது. ஸ்லாட் கார்ட்பஸ்ஸாகவே இருந்தாலும், 1996-ல் வந்த ஓஎஸ்ஆர்2 பதிப்பாவது வேண்டும்.

டைப் 1, 2, 3 என்பதைத் தலைமுறை என்று நினைத்து, "டைப் 3 வாங்கினால் வேகமா?" என்று கேட்கிறார்கள். அவை வெறும் தடிமன்: 3.3, 5, 10.5 மில்லிமீட்டர். 2003-ல் வந்த எக்ஸ்பிரஸ்கார்டு முற்றிலும் வேறு சாதி. அதை இந்த ஸ்லாட்டில் வைத்துப் பார்க்கவே வேண்டாம்.

நம்பிக்கை: 11 எம்பிபிஎஸ் கார்டு ரொம்ப மெதுவு, 54 தேடி வாங்க வேண்டும்

1999-ல் வந்த 802.11பி கார்டுகளில் 11 எம்பிபிஎஸ் என்று போட்டிருக்கும். கைக்குக் கிடைப்பது அதில் பாதிதான், ஐந்து ஆறு எம்பிபிஎஸ். 16-பிட் ஸ்லாட் உள்ள மெஷினுக்கு அதுவே தாராளம். 54 எம்பிபிஎஸ் அந்த வாசலில் நுழையாது. 54 எம்பிபிஎஸ் கார்டுகள் பெரும்பாலும் கார்ட்பஸ்ஸில் வந்தவை. அதனால் வேகத்தைத் தேடிப் போகிறவர்கள்தான் அநேகமாகத் தவறான கார்டோடு திரும்புகிறார்கள்.

நம்பிக்கை: கார்டை விண்டோஸ் கண்டுகொண்டால் வீட்டு வைஃபையில் சேர்ந்துவிடும்

இதில்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். டிரைவர் ஏறிவிடும், கார்டில் பச்சை விளக்கு மினுக்கும், பட்டியலில் வீட்டு நெட்வொர்க்கின் பெயரும் தெரியும். பாஸ்வேர்டு கொடுத்தால் மட்டும் சேராது.

காரணம் பூட்டு. அந்தக் காலத்துக் கார்டுகளுக்குத் தெரிந்தது டபிள்யூஇபி என்ற பூட்டு மட்டுமே. 2001-லேயே ஃப்ளூரர், மான்டின், ஷமீர் மூவரும் அதன் அடிப்படைப் பலவீனத்தை வெளிச்சம் போட்டுக் காட்டிவிட்டார்கள். 2003-ல் டபிள்யூபிஏ இடைக்கால ஏற்பாடாக வந்தது. ஏற்கெனவே விற்றுப்போன கார்டுகளிலும் ஃபர்ம்வேரை மாற்றி ஓட்டும்படி அதைச் செய்திருந்தார்கள், ஆனால் எல்லாத் தயாரிப்பாளரும் அந்த ஃபர்ம்வேரைத் தரவில்லை. 2004-ல் வந்த டபிள்யூபிஏ2 ஏஇஎஸ் முறையில் பூட்டுகிறது. இன்றைய ரவுட்டர் கேட்பது குறைந்தபட்சம் அதைத்தான். விண்டோஸ் எக்ஸ்பிக்கே அது பிற்பாடு வந்த ஒட்டு. 2008-ல் வெளியான சர்வீஸ் பேக் 3-ல்தான் முறையாகச் சேர்ந்தது. அப்படியிருக்க விண்டோஸ் 95-ல் எங்கே போவது? இன்னொன்றும் உண்டு: அந்தக் கார்டுகளுக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டுமே தெரியும். ரவுட்டரில் 5 கிகாஹெர்ட்ஸை மட்டும் வைத்திருந்தால் பெயரே கண்ணில் படாது.

இந்த இடத்தில் சிலர் சொல்லும் யோசனை: "ரவுட்டரையே டபிள்யூஇபிக்கு மாற்றிவிடு, எல்லாம் சரியாகிவிடும்." செய்யாதீர்கள். 2007-ல் ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 104-பிட் டபிள்யூஇபி சாவியை ஒரு நிமிடத்துக்குள் எடுத்துக் காட்டினார்கள். அந்த வீட்டு வைஃபையில்தான் உங்கள் வங்கிக் கணக்கும் பிள்ளைகளின் போனும் ஓடுகின்றன. ஒரு பழைய மெஷினை உள்ளே விடுவதற்காக வீட்டின் வாசல் கதவைக் கழற்றி வைப்பது எந்த விதத்திலும் நியாயமில்லை.

நம்பிக்கை: 16-பிட் கார்டில் டபிள்யூபிஏ2 நடக்கவே நடக்காது

மேலே சொன்னதைக் கேட்டுவிட்டு இந்த எதிர்முனைக்குப் போய்விடுகிறவர்களும் உண்டு. அதுவும் சரியில்லை. இன்டர்சில் நிறுவனத்தின் ப்ரிசம் சிப் உள்ள கார்டுகளில், பூட்டும் வேலையைக் கார்டிடம் விடாமல் கம்ப்யூட்டரின் ப்ராசஸரே செய்யலாம். லினக்ஸில் ஹோஸ்ட்ஏபி டிரைவரும், கார்டில் 1.7.0 அல்லது அதற்குப் பிந்தைய ஃபர்ம்வேரும் இருந்தால் டபிள்யூபிஏ2 நெட்வொர்க்கில் சேர முடியும். ப்ராசஸருக்கு மூச்சு வாங்கும், ஆனாலும் ஓடும். லினக்ஸ் போடத் தயாராக இருப்பவர்கள் முயன்று பார்க்கலாம். ஆசிரியரின் மெஷினில் அவருடைய விண்டோஸும் அவருடைய எழுத்துருவும் அப்படியே இருக்க வேண்டும். எனவே எனக்கு இந்த வழி அடைபட்டது.

நம்பிக்கை: மினி பிசிஐ கார்டை மாற்றினால் மெஷின் கெட்டுவிடும்

இது 2000-க்குப் பிந்தைய லேப்டாப்களின் உள்ளே மாட்டியிருக்கும் வைஃபை கார்டைப் பற்றியது. 2003 மார்ச்சில் இன்டெல் சென்ட்ரினோவை வெளியிட்டபோது அதோடு வந்த வைஃபை கார்டு 802.11பி மட்டுமே தெரிந்தது. அதைக் கழற்றி நல்லதாக ஒன்றைப் போடலாமே என்று ஐபிஎம் திங்க்பேடில் மாட்டினால், மெஷின் பூட் ஆகாமல் 1802 என்ற பிழை எண்ணைக் காட்டி நின்றுவிடும். பார்த்தவர்கள் மதர்போர்டு போய்விட்டது என்று பயந்து, சிலர் கடையில் போட்டுவிட்டே வந்திருக்கிறார்கள். எதுவும் போகவில்லை. அனுமதித்த கார்டுகளின் பட்டியல் ஒன்று பயாஸில் இருக்கிறது. புதிய கார்டு அதில் இல்லை, அவ்வளவுதான். கார்டை எடுத்துவிட்டால் மெஷின் பழையபடி எழும். பல மாடல்களில் சீமாஸ் நினைவகத்தில் ஒரே ஒரு பிட்டை மாற்றும் சிறு புரோகிராமால் இந்தத் தடையை நீக்க முடிந்தது. கார்டை மாற்றும்போது திரைச்சட்டத்திலிருந்து இறங்கிவரும் இரண்டு மெல்லிய ஆன்டெனா வயர்களைப் பிடித்து இழுக்காமல், அவற்றின் தலையை நகத்தால் செங்குத்தாகத் தூக்குங்கள். அந்தத் தலை நெல்மணி அளவுகூட இருக்காது.

நம்பிக்கை: வைஃபை என்றால் லேப்டாப்புக்குள்ளேதான் இருக்க வேண்டும்

பழைய மெஷினுக்கு நான் எப்போதும் சொல்வது ஈதர்நெட் கார்டுதான். கம்பியில் பாஸ்வேர்டு இல்லை, பூட்டு இல்லை, கார்டுக்கு வயதாவதும் இல்லை. கம்பியின் மறுமுனையை உள்ளங்கை அளவுள்ள ஒரு பயண ரவுட்டரில் மாட்டி, அதை வீட்டு வைஃபையின் கிளையன்டாக வைத்துவிட்டால் போதும். டபிள்யூபிஏ2 தெரிய வேண்டியது அந்தப் பெட்டிக்குத்தான், லேப்டாப்புக்கு அல்ல. நாளை பூட்டு மாறினாலும் பெட்டியை மாற்றினால் தீர்ந்தது.

16-பிட் ஈதர்நெட் கார்டில் 3காம் நிறுவனத்தின் 3சி589, அல்லது என்இ2000 வகை எதுவானாலும் சரி. விண்டோஸ் 95-லேயே இவற்றுக்கு டிரைவர் உண்டு. ஃப்ளாப்பி செத்த மெஷினில் இதைவிடப் பெரிய வரம் கிடையாது. டிரைவர் ஏற்றும்போது விண்டோஸ் சிடியைக் கேட்டால் பதறாதீர்கள். அன்றைய பல லேப்டாப்களில் விண்டோஸ் ஃபோல்டருக்குள் ஆப்ஷன்ஸ், அதற்குள் கேப்ஸ் என்ற ஃபோல்டரில் எல்லாக் கோப்புகளும் கிடக்கும்.

வாங்கும்போது ஒன்றை மறக்காதீர்கள். கார்டு மெல்லியது, ஈதர்நெட் முளை தடிமன். அதனால் பல கார்டுகளில் ஒரு சாண் நீளத்துக்கு டாங்கிள் என்ற இணைப்பு வயர் தனியாக வரும். ஒரு கம்பெனியின் டாங்கிள் இன்னொன்றுக்குப் பொருந்தாது. ஒரே கம்பெனியின் இரண்டு மாடல்களுக்குக்கூடப் பொருந்தாமல் போகும். கார்டு மலிவாகக் கிடைக்கும், டாங்கிள் கிடைக்காது. கார்டும் வயரும் சேர்ந்து இல்லையென்றால் வாங்காமல் வந்துவிடுங்கள்.

ஸ்லாட்டே இல்லாத மெஷினுக்கும் வழி இருக்கிறது. இஎஸ்பி8266 என்ற சிப்பை சீரியல் போர்ட்டில் மாட்டினால், அது லேப்டாப்பிடம் டயல்-அப் மோடம்போலப் பேசும், வெளியே வைஃபையில் பேசும். சிப் 3.3 வோல்ட் சாதனம். சீரியல் போர்ட்டின் மின்னழுத்தம் அதைவிட அதிகம். நடுவில் அளவை மாற்றும் சிப் கட்டாயம் வேண்டும்.

நம்பிக்கை: ஃபைலை எடுக்க நெட்வொர்க் இருந்தே ஆக வேண்டும்

இல்லை. அதை ஆசிரியரின் மகனிடம் முதல் நாளே சொன்னேன். கேமராவில் போடும் காம்பாக்ட்ஃப்ளாஷ் கார்டு, பிறப்பிலேயே பிசிஎம்சிஐஏவின் சின்ன வடிவம். நடுவே வைக்கும் அடாப்டரில் எந்தச் சிப்பும் இல்லை. 50 பின்னை 68 துளைக்குக் கொண்டுபோகும் வெறும் கம்பிகள்தான். விண்டோஸ் 95 அதை ஒரு ஹார்ட் டிஸ்க்காகப் பார்க்கும். 2 ஜிபிக்கு மேல் போகாதீர்கள். பத்து வருட எழுத்து, காப்பி ஆறுவதற்குள் வெளியே வந்துவிட்டது.

நெட்வொர்க் தேவைப்பட்டது அதற்கப்புறம்தான். அவர் தினமும் எழுதுகிறார். எழுதியதை மகனின் கம்ப்யூட்டருக்கு அனுப்ப வேண்டும்.

அவர் என்னிடம் கேட்டது இன்னொன்று: "இதுல நியூஸ் படிக்கலாமா தம்பி?" முடியாது என்று சொல்ல வருத்தமாக இருந்தது. கம்பி சரியாக இருந்தாலும், இன்றைய தளங்கள் டிஎல்எஸ் 1.2 அல்லது அதற்குப் பிந்தைய முறையில்தான் கைகுலுக்கும். 95 காலத்து பிரவுசருக்கு அது தெரியாது. கார்டை மாற்றி இதைச் சரிசெய்ய முடியாது. வீட்டுக்குள் இன்னொரு கம்ப்யூட்டரை இடையில் வைத்து, பக்கத்தை எளிய வடிவில் மாற்றித் தரச் செய்யலாம். அவர் அதெல்லாம் வேண்டாம், எழுதினால் போதும் என்றுவிட்டார். எஃப்டிபி மட்டும் வைத்துக் கொடுத்தேன். அந்தப் புரோகிராம் விண்டோஸ் 95-லேயே இருக்கிறது. ஒரு ஐகானைச் சொடுக்கினால் அன்று எழுதியது மகனின் கம்ப்யூட்டருக்குப் போய்விடும், வீட்டுக்குள்ளேயே. வெளியுலகத்தோடு அந்த மெஷினுக்குப் பேச்சு கிடையாது, இருக்கவும் கூடாது.

பாமினியிலிருந்து யுனிகோடுக்கு மாற்றியதில் அநேகமாக எல்லாக் கட்டுரைகளும் சுத்தமாக வந்துவிட்டன. ஏழு கோப்புகள் மட்டும் வாசிக்க முடியாத குப்பையாக வந்தன. அவை வேறு ஏதோ எழுத்துருவில் தட்டியவை. எது என்று ஆசிரியர் யோசித்துக்கொண்டிருக்கிறார்.