‘ஒரு மாதிரி’ என்றால் என்ன மாதிரி?

சில வருடங்களுக்கு முன் ஒரு கல்லூரியின் உள்விசாரணைக்கு மொழிபெயர்க்க என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். எந்தக் கல்லூரி என்பது வேண்டாம். புகார் கொடுத்த மாணவி கிள்ளானிலிருந்து காலை கொமுட்டர் ரயிலில் ஏறி கே.எல். செண்ட்ரலில் இறங்கி வந்தவள். கூட வந்த அம்மாவை வெளியே பெஞ்சில் உட்காரச் சொல்லிவிட்டார்கள். மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். ஒருவர் கணக்குத் துறை, ஒருவர் பொறியியல், ஒருவர் மாணவர் நல அதிகாரி. மூவரும் நல்லவர்கள். மூவரும் அதற்குமுன் ஒரு விசாரணையில்கூட உட்கார்ந்ததில்லை.

“என்ன நடந்தது?” என்று கேட்டார்கள். “சார் ஒரு மாதிரி நடந்துகிட்டாரு” என்றாள். நான் அதை மலாயில் ‘தீடாக் செனொனோ’ என்று சொன்னேன், அதாவது முறைகேடாக. குமாஸ்தா தட்டச்சு செய்தார். அடுத்த கேள்வி: “நீ ஏன் தனியா அவர் ரூமுக்குப் போனே?”

அந்த விரிவுரையாளருக்குப் போன காரணங்கோரும் கடிதத்திலும் அதே இரண்டு மலாய்ச் சொற்கள்தாம் இருந்தன. எந்த நாள், எங்கே, கையா பேச்சா, ஒரு தடவையா பல தடவையா, ஒன்றும் கிடையாது. அவர் ‘நான் முறைகேடாக நடக்கவில்லை’ என்று ஒரு வரியில் பதில் எழுதினார். வேறு என்ன எழுதுவார்? விசாரணை அங்கேயே நின்றுபோனது. அவள் சொன்னது யாருக்கும் புரியாமல் போயிற்று. அவர் மீது என்ன குற்றச்சாட்டு என்பது அவருக்கும் தெரியவில்லை. பாதித் தவறு என்னுடையது. ‘ஒரு மாதிரின்னா என்னம்மா?’ என்று கேட்கும்படி நான் குழுவிடம் சொல்லியிருக்கலாம்.

வளாகப் புகார்களைப் பற்றி பிரிக்பீல்ட்ஸ் சாப்பாட்டுக் கடை மேசையிலும் குடும்ப வாட்ஸ்அப்பிலும் காதில் விழும் சில நம்பிக்கைகளை இந்த வாரம் எடுத்துக்கொள்கிறேன்.

“இதுக்கெல்லாம் டிரெய்னிங்கா? படிச்சவங்களுக்குத் தெரியாதா?”

தெரியாது. மேலே சொன்ன மூவரும் படித்தவர்கள்தாம். தேர்வுத்தாள் திருத்தியே பழகியவருக்குச் சரி, தப்பு என்று உடனே மதிப்பெண் போட்டுத்தான் கை வரும். பேச விட்டுக் கேட்பது வேறு வேலை. இங்கிலாந்துப் போலீஸ் 1990களின் தொடக்கத்தில் தன் விசாரணைப் பாணியையே மாற்றியது, மிரட்டிக் கேட்டு வாங்கிய வாக்குமூலங்களால் தப்பான ஆட்கள் சிறைக்குப் போன வழக்குகள் வெளியே வந்தபிறகு. அதன்பின் சொல்லிக்கொடுத்தது எளிமையானது: ‘அன்னிக்கு நடந்ததை ஆரம்பத்திலேர்ந்து சொல்லுங்க’ என்று கேள், குறுக்கே விழாதே, அவர் முடித்தபின் விட்டுப்போனதைக் கேள். எளிமைதான். பழகாதவர் வாயில் மூன்று நிமிடம்கூட நிற்காது. நான்காவது நிமிடம் ‘ஏன் போனே?’ வந்துவிடும்.

“பயிற்சின்னா பொண்ணு சொல்றதை அப்படியே நம்பச் சொல்லிக் கொடுக்கிறது.”

இந்தச் சந்தேகத்தைத் தூக்கி எறிய எனக்கு மனமில்லை, ஏனென்றால் அப்படியும் நடந்திருக்கிறது. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் ஒரு கட்டத்தில், அதிர்ச்சிக்கு ஆளானவருக்கு நினைவு சிதறும், ஆகவே பேச்சு முன்னுக்குப் பின் முரணாக வருவதே நடந்ததற்கு அடையாளம் என்கிற அளவுக்குச் சில பயிற்சிகள் போயின. கோவையாகச் சொன்னாலும் உண்மை, குழப்பிச் சொன்னாலும் உண்மை என்றால், எதிரே இருப்பவன் எதைச் சொல்லித் தப்பிக்க? எமிலி யோஃப் என்ற பத்திரிகையாளர் 2017இல் ‘தி அட்லாண்டிக்’ இதழில் இதைப் போட்டு உடைத்தார். 2020இல் அந்நாட்டுக் கல்வித்துறை கொண்டுவந்த விதிகள், விசாரணை செய்வோரின் பயிற்சி ஆண், பெண் பற்றிய முன்முடிவுகளில் நிற்கக் கூடாது, பயிற்சிப் பாடங்களை எல்லாரும் பார்க்கும்படி வெளியிட வேண்டும் என்றன. ஆட்சி மாற மாற அந்த விதிகளும் மாறி மாறி வருகின்றன, அது வேறு கதை. பாடத்தை வெளியே வை என்ற அந்த ஒரு நிபந்தனை எனக்குப் பிடித்திருக்கிறது. ரகசியமாகச் சொல்லிக்கொடுக்க இதில் என்ன இருக்கிறது?

விசாரிப்பவர் நம்பவும் வேண்டாம், சந்தேகப்படவும் வேண்டாம். முரண் தெரிந்தால் இரண்டு பேரிடமும் கேட்க வேண்டும். ‘முதல்ல செவ்வாய்க்கிழமைன்னு சொன்னீங்க, இங்க புதன்னு இருக்கு, எப்படி?’ இதை அதட்டாமல் கேட்க முடியும். அதட்டாமல் கேட்டால்தான் பதிலும் வரும்.

“உண்மைன்னா அப்பவே கத்தியிருப்பா.”

சுவீடனில் ஸ்டாக்ஹோம் நகரின் அவசர சிகிச்சையகத்துக்கு, வல்லுறவுக்கு ஆளாகி ஒரு மாதத்துக்குள் வந்த 298 பெண்களிடம் கேட்டு 2017இல் ஓர் ஆய்வு வெளியானது. 70 சதவீதம் பேர் அந்த நேரத்தில் உடம்பு குறிப்பிடத்தக்க அளவில் விறைத்துப்போய் அசைய முடியாமல் இருந்ததாகச் சொன்னார்கள். கத்தாததை வைத்து ஒரு முடிவுக்கும் வர முடியாது. விறைத்துப்போனதாகச் சொல்வதை வைத்தும் நடந்தது நிரூபணமாகிவிடாது. விசாரணைக் குழுவுக்கு இந்த ஆய்விலிருந்து வேண்டியது இவ்வளவுதான்: ‘ஏன் கத்தலை?’ என்ற கேள்வியைத் தாளிலிருந்து அடித்துவிடுங்கள்.

புகார் ஏன் தாமதமாக வருகிறது என்று புரிய ஸ்டாக்ஹோம் வரை போக வேண்டியதில்லை. மேற்பார்வை செய்பவரே மதிப்பெண்ணும் போடுகிறார், பரிந்துரைக் கடிதமும் அவர்தான் தர வேண்டும், பி.டி.பி.டி.என். கல்விக் கடன் வேறு கழுத்தில். பட்டம் கையில் வரட்டும் என்று ஒருத்தி காத்திருப்பது கணக்குப் போட்ட காத்திருப்பு.

“நிரூபிக்க முடியலைன்னா பொய்ப் புகார்தானே?”

நம் மலேசிய வழக்கு ஒன்றையே பார்ப்போம். ஒரு பொது நிறுவனத்தின் பெண் அதிகாரி தன் மேலதிகாரி ஆபாசமாகப் பேசுகிறார் என்று புகார் கொடுத்தார். உள்விசாரணைக் குழு, ஒழுங்கு நடவடிக்கை எடுக்கும் அளவுக்கு ஆதாரம் இல்லை என்றது. ஆனாலும் மேலதிகாரிக்குக் கடுமையான நிர்வாகக் கண்டிப்பு கொடுக்கப்பட்டது. அவர் வழக்குப் போட்டார். பெண் அதிகாரி எதிர்வழக்குப் போட்டார். உயர் நீதிமன்றம் மேலதிகாரியின் வழக்கைத் தள்ளி, பெண் அதிகாரிக்கு 1,20,000 ரிங்கிட் இழப்பீடு கொடுத்தது. 2016 ஜூனில் கூட்டரசு நீதிமன்றம் அதை உறுதி செய்ததோடு, பாலியல் தொல்லைக்காக ஒருவர் இன்னொருவர்மீது நேரடியாக உரிமை வழக்குத் தொடுக்கலாம் என்ற புதிய கதவையும் திறந்தது.

‘ஆதாரம் போதவில்லை’ என்று ஒரு குழு எழுதிய அதே சம்பவம்தான் நீதிமன்றத்தில் நின்றது. நிரூபணமாகவில்லை என்பதும் பொய் என்பதும் இரண்டு வெவ்வேறு முடிவுகள். தெரிந்தே பொய் சொன்னார் என்று எழுத வேண்டுமானால் அதற்குத் தனியாக ஆதாரம் வேண்டும். நடுவில் நிற்கும் ‘முடிவுக்கு வர இயலவில்லை’ என்பதை எழுதவும் குழுவுக்குத் தைரியம் வேண்டும்.

“இப்பதான் நடுவர் மன்றம் வந்துருச்சே, வளாகத்துக்கு என்ன வேலை?”

2022ஆம் ஆண்டின் பாலியல் தொல்லை எதிர்ப்புச் சட்டம், அதாவது 840வது சட்டம், நல்ல சட்டம். வேலைச் சட்டத்தில் 2012இல் சேர்த்த பாலியல் தொல்லைப் பிரிவு ஊழியர்களுக்கு. மாணவி ஊழியர் இல்லையே, அந்த ஓட்டையை இது அடைத்தது. 2024 மார்ச்சிலிருந்து நடுவர் மன்றம் நடக்கிறது. விசாரணை மூடிய அறையில். பொதுவாக வக்கீல் கிடையாது. முதல் விசாரணை நாளிலிருந்து 60 நாளுக்குள் தீர்ப்பு. 2,50,000 ரிங்கிட் வரை இழப்பீடு, மன்னிப்புக் கேட்கும்படி உத்தரவு.

ஆனால் அந்த மன்றம் ஒரு விரிவுரையாளரை வேலையிலிருந்து நீக்காது. மாணவனை இடைநீக்கம் செய்யாது. இருவரையும் வேறு வேறு வகுப்புக்கு மாற்றாது. அதெல்லாம் வளாகத்தின் கையில். அரசுப் பல்கலைக்கழகத்தில் மாணவர் மீதான ஒழுங்கு நடவடிக்கை 1971ஆம் ஆண்டுப் பல்கலைக்கழகச் சட்டத்தின் கீழ் போகும், ஊழியர் மீதானது 2000ஆம் ஆண்டுச் சட்டப்படியான அமைப்புகளுக்கான ஒழுங்குச் சட்டத்தின் கீழ். மன்றம், வளாகம் என்று இரண்டு கதவு. எந்தக் கதவைத் தட்டுவது என்று புகார் கொடுப்பவருக்குச் சொல்ல ஒருவராவது பயிற்சி பெற்றிருக்க வேண்டும். அப்படிப் பயிற்சி கொடுத்தே ஆக வேண்டும் என்று 840 எந்தப் பல்கலைக்கழகத்தையும் கட்டாயப்படுத்தவில்லை. நிறுவனங்களுக்குக் கடமை வைக்காததைப் பெண்கள் அமைப்புகள் மசோதாக் காலத்திலேயே குறையாகச் சொன்னார்கள். இந்தியாவில் பல்கலைக்கழக மானியக் குழுவின் (யு.ஜி.சி.) 2015ஆம் ஆண்டு விதிகள், உள்புகார்க் குழு உறுப்பினர்களுக்குத் தொடர்ந்து பயிற்சி நடத்த வேண்டும், 90 நாளில் விசாரணை முடிய வேண்டும் என்று எழுதியே வைத்திருக்கின்றன. எழுதியதெல்லாம் நடக்கிறதா என்பது வேறு.

“ரகசியம்னா, காலேஜ் பேரைக் காப்பாத்த மூடி மறைக்கிறது.”

சில இடங்களில் அதுவேதான். ஆனால் திறந்துவிட்டால் என்ன ஆகும் என்பதைச் சென்னையில் பார்த்தோம். 2024 டிசம்பரில் அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் மாணவி ஒருவர் பாலியல் வன்முறைக்கு ஆளானார். அவரைப் பற்றிய விவரங்களோடு முதல் தகவல் அறிக்கையே வெளியே கசிந்தது. சென்னை உயர் நீதிமன்றம் அதற்காக 25 லட்சம் ரூபாய் இடைக்கால இழப்பீடு கொடுக்கச் சொன்னது. நம் தமிழர் சமூகம் கிள்ளான் பள்ளத்தாக்கில் எவ்வளவு சின்னது என்று எல்லாருக்கும் தெரியும். ‘செந்தோசால இருக்காங்களே அந்தக் குடும்பம்’ என்று ஒரு குரல் பதிவு போதும். புகார் கொடுத்தவளுக்கும் ஆபத்து, புகாருக்கு ஆளானவருக்கும் ஆபத்து. குழு உறுப்பினர் வீட்டில் சாப்பாட்டு மேசையில் வாயைத் திறக்காமல் இருப்பதும் பயிற்சியில் சேர்த்திதான்.

இரண்டு வருடம் கழித்து வேறொரு கல்லூரிக்கு மொழிபெயர்க்கப் போனேன். குழுத் தலைவி எங்கேயோ பயிற்சி முடித்து வந்தவர். இந்தப் பெண்ணும் அதே சொல்லைத்தான் சொன்னாள்: “ஒரு மாதிரி.” நான் மொழிபெயர்க்கும் முன்பே தலைவி கையை லேசாக உயர்த்தி, அந்தச் சொல்லைத் தமிழிலேயே எழுதச் சொன்னார். பிறகு, “அவங்க சொல்ற அந்த ஒரு மாதிரியை எங்களுக்குப் புரியும்படி சொல்லச் சொல்லுங்க, நேரம் இருக்கு” என்றார். நாலைந்து நிமிடம் அறையில் ஏர்கான் சத்தம் மட்டும். அப்புறம் மூன்று தேதி, இரண்டு இடம், ஒரு வாக்கியம், தோளில் ஒரு கை என்று வந்தது. காரணங்கோரும் கடிதத்தில் மூன்று தேதிகளும் தனித்தனியாகப் போயின. முதல் தேதிக்கு, புகாருக்கு ஆளானவர் தான் ஈப்போவில் கருத்தரங்கில் இருந்ததற்கு ஹோட்டல் ரசீது காட்டினார், குழு அதை ஏற்று அந்தத் தேதியை அடித்துவிட்டது. மற்ற இரண்டு தேதிகளுக்கு அவர் தண்ணீர் கேட்டார்.