குழந்தைகளுக்கான கேன்சர் டாக்டர்... எத்தனை வருஷப் படிப்பு?

உங்கள் மகளோ மகனோ ப்ளஸ் டூவில் உயிரியல் படிக்கிறாரா? 'கேன்சர் வந்த குழந்தைகளைக் காப்பாத்துற டாக்டராகணும்' என்கிறாரா? சபாஷ்! ஆனால், அதற்கான பாதை எவ்வளவு நீளம் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

முதலில் நீட் தேர்வு. பிறகு எம்.பி.பி.எஸ். நாலரை வருஷப் படிப்பு, ஒரு வருஷம் ஹவுஸ் சர்ஜன். 'அடுத்து நேரா கேன்சர் படிப்புதானே?' என்று கேட்பீர்கள். இல்லை! மறுபடி ஒரு நுழைவுத் தேர்வு எழுதி, எம்.டி. குழந்தை மருத்துவம் 3 வருஷம் படிக்க வேண்டும்.

ஏன் தெரியுமா? குழந்தை என்பது சின்ன சைஸ் பெரியவர் அல்ல. பெரியவர்களுக்கு வரும் புற்றுநோய் வேறு, குழந்தைகளுக்கு வருவது வேறு. குழந்தைகளிடம் அதிகம் காணப்படுவது ரத்தப் புற்றுநோய். உயரம், எடையை வைத்து உடம்பின் பரப்பளவைக் கணக்கிட்டுத்தான் பல மருந்துகளின் அளவைத் தீர்மானிக்கிறார்கள். சிகிச்சையில் வெள்ளை அணுக்கள் குறைந்திருக்கும்போது, வெறும் காய்ச்சல்கூட சில மணி நேரத்தில் உயிருக்கு ஆபத்தாகலாம். வாய் திறந்து சொல்லத் தெரியாத குழந்தையிடம் அதைக் கண்டுபிடிக்க, குழந்தை மருத்துவம் அத்துப்படியாக இருக்க வேண்டாமா?

எம்.டி.க்குப் பிறகு இன்னொரு நுழைவுத் தேர்வு. அதில் தேறினால் டி.எம். குழந்தைப் புற்றுநோய் மருத்துவம், 3 வருஷம். மும்பை டாடா மெமோரியல் மருத்துவமனையில் இந்தப் படிப்பு இருக்கிறது. ஆக மொத்தம் 11½ வருஷம்! 18 வயதில் சேர்ந்தால், தடங்கல் இல்லாமல் படித்தாலும் 30 நெருங்கிவிடும். (கட்டியை ஆபரேஷன் செய்யும் டாக்டராக விரும்பினால், பாதை வேறு. குழந்தை அறுவை சிகிச்சையில் எம்.சிஎச். படிக்க வேண்டும்.)

இவ்வளவு பாடுபடுவதற்குப் பலன் உண்டா? நிச்சயம் உண்டு. 1948-ல் பாஸ்டன் நகர டாக்டர் சிட்னி ஃபார்பர், ரத்தப் புற்றுநோய் வந்த சில குழந்தைகளுக்கு மருந்தால் நோய் தற்காலிகமாக அடங்கியதைக் காட்டினார். இன்று பணக்கார நாடுகளில் புற்றுநோய் வந்த குழந்தைகளில் 80 சதவீதத்துக்கும் மேல் குணமாகிறார்கள். ஏழை நாடுகள் பலவற்றிலோ 30 சதவீதத்தைக்கூட எட்டவில்லை. தாமதமாகக் கண்டுபிடிப்பது, பாதியில் சிகிச்சையை விடுவது, பயிற்சி பெற்ற டாக்டர்கள் குறைவு... இவையெல்லாம் காரணங்கள். உங்கள் பிள்ளை நிரப்பப்போவது அந்த இடத்தைத்தான்!

ஒன்று மட்டும் மறக்காதீர்கள். இந்த வேலைக்கு மார்க் மட்டும் போதாது. கலங்கி நிற்கும் பெற்றோரிடம் உண்மையைப் பக்குவமாகச் சொல்லவும், வருஷக்கணக்கில் ஒரு குழந்தையோடு பொறுமையாக நடக்கவும் மனசு வேண்டும். அதனால், உங்கள் ஆசைக்காகப் பிள்ளையைத் தள்ளாதீர்கள். ஆசை அவர்களுடையது என்றால், 11½ வருஷமும் தோள் கொடுங்கள்!