பாடுகிற பிள்ளை பக்கம் வை

திருவையாறு

அன்புள்ள தம்பிக்கு,

நம் அரசு இசைக் கல்லூரியில் படிப்பை முடித்து, தஞ்சாவூரில் சொந்தமாகப் பாட்டு வகுப்பும் தொடங்கிவிட்டாய். சந்தோஷம். வகுப்பில் செல்போனை அனுமதிக்கலாமா என்று கேட்டிருந்தாய். தாராளமாக அனுமதி. தடுத்தால் பைக்குள் ஓடிக்கொண்டிருக்கும், அவ்வளவுதான்.

ஆனால் பிள்ளைகள் போனை உன் முன்னால் வைத்து உன் பாட்டைப் பதிகிறார்கள் பார், அதை மாற்று. வீட்டுக்குப் போய்க் கேட்டுக்கொள்ளலாம் என்று தெரிந்ததும் காது உறங்கிவிடும். முதலில் போன் இல்லாமல் கேட்டுப் பாடட்டும். பாடம் ஓரளவு வந்ததும் பிள்ளை பாடுவதைப் பதிந்து, அங்கேயே போட்டுக் காட்டு. காலப்பிரமாணம் ஓடுகிறது என்று நீ தொண்டை வறளச் சொல்லியும் ஏறாதது, தன் குரலை ஒருமுறை கேட்டால் ஏறும்.

தம்புரா செயலி நல்லதுதான். ஒரு கட்டையில் பாடும் பையனுக்கு மந்தர சட்ஜம் போனின் குட்டி ஸ்பீக்கரில் சரியாக வராது. தனியாக ஒரு நல்ல ஸ்பீக்கர் வாங்கி வை.

சுருதி காட்டும் செயலியில்தான் எச்சரிக்கை வேண்டும். ஊசி நடுவில் நிற்க வேண்டும் என்று பிள்ளை தோடி காந்தாரத்தை ஆடாமல் அசையாமல் பிடிக்கும். ஊசிக்குத் திருப்தி, தோடி போயே போச்சு. அந்தக் காந்தாரம் ரிஷபத்துக்கும் மத்யமத்துக்கும் நடுவே அசைந்தால்தானே ராகம்? சட்ஜம், பஞ்சமம் பார்க்க மட்டும் ஊசி போதும். கமகத்துக்கு வேறு வழி இருக்கிறது. யூடியூபில் வேகத்தைப் பாதியாக்கினால் சுருதி இறங்காது. அசைவு எங்கே எடுத்து எங்கே சேர்கிறது என்று காதில் பிடிபடும்.

வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு ஜூமில் எடுக்கிறாய் அல்லவா? அது தம்புராவை இரைச்சல் என்று நினைத்து அமுக்கும். 'ஒரிஜினல் சவுண்ட்' வசதியை இரண்டு பக்கமும் போடுங்கள். சேர்ந்து பாடவே பாடாதே, ஒலி தாமதித்துப் போவதால் தாளம் இழுக்கும். நீ பாடி நிறுத்து, பிறகு பிள்ளை பாடட்டும்.

ஐந்தாறு வித்வான்களைக் கேட்டு, சங்கதிகளைக் கலந்துகட்டிப் பாடிக்கொண்டு வரும் பிள்ளையைத் திட்டாதே. தியாகராஜர் சிஷ்யர்களிலேயே வாலாஜாபேட்டை, உமையாள்புரம், இதோ பக்கத்துத் தில்லைஸ்தானம் என்று பாடாந்தரம் பிரிந்ததே. உன் பாடம் முதலில் தொண்டையில் உட்காரட்டும். அதன்பின் புதிதாக எந்தச் சங்கதி வந்தாலும், "இது யார் பாடாந்தரம்?" என்று கேள். பதில் தெரிந்தால் பாடட்டும்.

தியாகராஜர் ஆராதனைக்குப் பிள்ளைகளைக் கூட்டி வருவதாக எழுதியிருக்கிறாய். பஞ்சரத்னத்தில் நாட்டை, கௌளை, ஆரபி, ஸ்ரீ நான்கையும் எதிரே உட்காரவைத்தே சொல்லிக்கொடு. வராளியை நேரில் சொல்லித்தந்தால் குரு சிஷ்ய உறவு முறியும் என்பார்கள். எனக்கு அதில் நம்பிக்கை கிடையாது. இருந்தாலும் நான் சொல்லித்தந்ததும் கிடையாது. அந்த ஒன்றை மட்டும் நீ பாடிப் பதிந்து வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடு. நேரில் சொல்லித்தந்த கணக்கில் அது வராது.

அன்புடன்,
அண்ணன்